மிளகாயை விட்டீர்கள், மாத்திரையை விடவில்லையே அம்மா

கேள்வி:

டாக்டருக்கு வணக்கம். எனக்கு வயது 54. கோவில்பட்டிப் பக்கம் சின்னதாக ஒரு இட்லிக் கடை வைத்திருக்கிறேன். காலை 4 மணிக்கு எழுந்தால் 11 மணி வரை நின்றபடியேதான் வேலை. இரண்டு வருஷமாக முழங்கால் வலி. வெறும் வயிற்றில் ஒரு டீயும், மெடிக்கலில் வாங்கும் வலி மாத்திரை ஒன்றும் போட்டால்தான் கடை ஓடும். ஒரு வருஷமாக மேல்வயிற்றில் எரிச்சல், ஏப்பம், ராத்திரி 2 மணிக்கு எழுப்பிவிடும் வலி. அல்சர் என்று எல்லோரும் சொன்னதால் மிளகாய், மிளகு, புளி எல்லாவற்றையும் நிறுத்திவிட்டேன். தயிர்ச் சோறும் உப்பு நார்த்தங்காயும்தான் சாப்பாடு. எரிந்தால் குளிர்ந்த பால் குடிப்பேன். ஐந்து மாதமாக அதிமதுரப் பொடி, காலையும் ராத்திரியும் ஒவ்வொரு ஸ்பூன் வெந்நீரில். அது நன்றாகவே கேட்டது. ஆனால் இப்போது சாயங்காலமானால் கால் வீங்குகிறது, கெண்டைக்கால் சதை பிடித்து இழுக்கிறது. பிரஷர் மாத்திரையும் சாப்பிடுகிறேன், போன மாதம் பிரஷர் ஏறியிருக்கிறது என்று மாத்திரையைக் கூட்டினார்கள். மணத்தக்காளி, வாழைக்காய், கற்றாழை, முட்டைக்கோஸ் சாறு என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். இயற்கையானதுதானே, எல்லாவற்றையும் சேர்த்தே சாப்பிடலாமா? எது வயிற்றுப் புண்ணை ஆற்றும்?

பதில்:

அன்புள்ள அம்மா,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். எது புண்ணை ஆற்றும் என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்குப் பதில் சொல்வதற்கு முன்னால், இன்றைக்கே செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். அதிமதுரப் பொடியை இன்றோடு நிறுத்திவிடுங்கள், கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து அல்ல, ஒரேயடியாக. அந்த வலி மாத்திரையையும் நிறுத்துங்கள். பிரஷர் மாத்திரையை மட்டும் தொடாதீர்கள், அதை நீங்களாகக் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். இரண்டொரு நாளில் ஒரு மருத்துவரைப் பார்த்து பிரஷர், ரத்தத்தில் பொட்டாசியம், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின், ஹீமோகுளோபின் எல்லாவற்றையும் பார்த்துவிடுங்கள். கூடவே ஒரு ஈசிஜி. 54 வயதில் பிரஷரும் உள்ள ஒருவருக்கு மேல்வயிற்று எரிச்சல் என்றால் அது இதயத்திலிருந்து வருவதில்லை என்று உறுதி செய்துகொள்ளாமல் நான் வயிற்றைப் பற்றிப் பேசத் தொடங்குவதே இல்லை. மாவு ஆட்டும்போதோ, குடம் தூக்கும்போதோ எரிச்சல் கூடி, வியர்த்து, தாடைக்கோ இடது கைக்கோ வலி பரவினால் அது கேஸ் இல்லை. டீயோ சோடாவோ குடித்துப் பார்க்காமல் நேராக மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

மலம் தார் போலக் கறுத்து, பிசுபிசுவென்று, சகிக்க முடியாத நாற்றத்தோடு போனாலும், காபித்தூள் கலந்த மாதிரி வாந்தி வந்தாலும், எழுந்து நின்றால் கண் இருட்டினாலும் அதே அவசரம்தான். இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டாலும் மலம் கறுக்கும், ஆனால் அது தார் போல ஒட்டாது.

சரி, இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன்.

நாக்கில் எது எரிந்ததோ அதையெல்லாம் நிறுத்தியிருக்கிறீர்கள். எது எரியவில்லையோ, எது குளிர்ந்ததோ, எது இனித்ததோ அதையெல்லாம் வைத்துக்கொண்டிருக்கிறீர்கள். உங்கள் இடத்தில் யார் இருந்தாலும் அப்படித்தான் செய்வார்கள், அதில் உங்கள் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் வயிற்றின் உட்சுவர் விஷயத்தில் எரிச்சலை நம்பி முடிவெடுக்க முடியாது அம்மா. எரிச்சல் வேறு, புண் வேறு. ஒன்று இல்லாமல் மற்றது தாராளமாக இருக்கும்.

அந்தச் சுவர் எப்படித் தாக்குப்பிடிக்கிறது என்று கொஞ்சம் சொன்னால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். இரைப்பையில் ஒரு நாளைக்கு ஒன்றரை முதல் 2 லிட்டர் வரை செரிமான நீர் சுரக்கிறது. அதில் உள்ளது ஹைட்ரோகுளோரிக் அமிலம். இறைச்சியைக் கரைக்கிற அந்த அமிலம், இறைச்சியாலேயே ஆன இரைப்பையைக் கரைக்காமல் இருப்பதற்குக் காரணம், சுவரின் மேல் படிந்திருக்கும் வழவழப்பான ஒரு சளிப்படலம். வெண்டைக்காயை நறுக்கினால் விரலில் ஒட்டுமே, கிட்டத்தட்ட அந்தப் பதம். தடிமன் ஒரு மில்லிமீட்டர்கூட இராது. அந்தப் படலத்துக்கு அடியில் செல்கள் சோடா உப்பு மாதிரியான ஒரு காரத்தைக் கசியவிட்டுக்கொண்டே இருக்கும். அதனால் படலத்தின் மேல்பக்கம் கடும் அமிலமாக இருந்தாலும் அடிப்பக்கம் சாதாரணத் தண்ணீர் அளவுக்கு நடுநிலையாக இருக்கும். மேல் வரிசைச் செல்கள் சில நாட்களுக்கு ஒருமுறை உதிர்ந்து புதிதாக முளைக்கின்றன. அதற்கு நல்ல ரத்த ஓட்டம் வேண்டும். இந்தச் சளி, இந்தக் காரம், இந்த ரத்த ஓட்டம் மூன்றையும் குறையாமல் பார்த்துக்கொள்வது ப்ராஸ்டாகிளாண்டின் என்று ஒரு பொருள். அதை இரைப்பைச் செல்களே தயாரித்துக்கொள்கின்றன.

உங்கள் வலி மாத்திரை கை வைப்பது சரியாக அங்கேதான். முழங்காலில் வலியையும் வீக்கத்தையும் கிளப்புவதும் ப்ராஸ்டாகிளாண்டின்தான். டைக்ளோஃபெனாக், அசெக்ளோஃபெனாக், இபுப்ரோஃபென், ஆஸ்பிரின் எல்லாம் அதன் உற்பத்தியை நிறுத்துகின்றன. 1971இல் ஜான் வேன் என்ற பிரிட்டன் விஞ்ஞானி இதைக் கண்டுபிடித்தார், 1982இல் நோபல் பரிசில் அவருக்கும் பங்கு கிடைத்தது. மாத்திரைக்கு முழங்கால் எது, இரைப்பை எது என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது. ரத்தத்தோடு போய் இரண்டு இடத்திலும் நிறுத்திவிடும். அதனால்தான் "சாப்பிட்டுவிட்டுப் போட்டால் ஒன்றும் செய்யாது", "ஊசியாகப் போட்டால் வயிற்றுக்குப் பயமில்லை" என்று சொல்வதெல்லாம் நிற்காது. கூடவே கேஸ் மாத்திரை போட்டால் ஆபத்து குறையும், உண்மைதான், ஆனால் பிரஷருக்கும் சிறுநீரகத்துக்கும் அந்த வலி மாத்திரை செய்யும் கெடுதல் அப்படியே இருக்கும்.

இன்னொரு சங்கடமும் உண்டு. அது வலி மாத்திரை, ஆகவே தான் உண்டாக்கும் புண்ணின் வலியையும் அதுவே மறைத்துவிடுகிறது. என்னிடம் ஒரு பெரியவர் வந்தார், தச்சு வேலை, இடுப்பு வலிக்குத் தினமும் இரண்டு மாத்திரை. வயிற்றில் வலியே இல்லை, எரிச்சலே இல்லை என்று சத்தியம் செய்தார். மூன்று நாளாக மலம் கறுத்துப் போனதை வெற்றிலைக் காவி என்று நினைத்திருக்கிறார். பேருந்தில் மயங்கி விழுந்த பிறகுதான் கூட்டி வந்தார்கள். கேமரா விட்டுப் பார்த்தபோது இரைப்பையின் கீழ்ப்பகுதி முழுக்க, வெளுத்த சுவரில் காபித்தூள் தூவி ஒட்டிய மாதிரி புள்ளிகள். நடுவில் ஒரு நாணய அளவுக்குக் குழி, அதன் அடியில் உறைந்த ரத்தம். நல்லவேளையாகப் பிழைத்துக்கொண்டார். அவரும் உங்களைப் போலவே ஒரு வருஷத்துக்கு முன்பே காரத்தை நிறுத்தியவர்.

காரத்துக்கு வருவோம். மிளகாயில் எரிவது கேப்சைசின். அது நரம்பு முனையில் உள்ள, சூட்டை உணரும் ஒரு வாயிலைத் திறந்துவிடுகிறது. அந்த வாயிலை 1997இல் அடையாளம் காட்டிய டேவிட் ஜூலியஸுக்கு 2021இல் நோபல் பரிசு கிடைத்தது. அதாவது மிளகாய் சுடுவதில்லை, சுடுவது போன்ற செய்தியை மூளைக்கு அனுப்புகிறது. 1984இல் டில்லி மருத்துவர்கள் சிறுகுடல் புண் உள்ள 50 பேரை இரண்டு பிரிவாகப் பிரித்து, எல்லோருக்கும் அமில முறி மருந்து கொடுத்து, ஒரு பிரிவுக்கு மட்டும் தினமும் 3 கிராம் மிளகாய்த்தூளைச் சாப்பாட்டோடு சேர்த்துக் கொடுத்தார்கள். நான்கு வாரம் கழித்துப் பார்த்தால் இரண்டு பிரிவிலும் ஐந்தில் நான்கு பேருக்கு மேல் புண் ஆறியிருந்தது. மிளகாய் தடுக்கவே இல்லை. 1995இல் சிங்கப்பூரில் இன்னும் ஒருபடி மேலே போனார்கள். ஆரோக்கியமானவர்களுக்கு முதலில் 20 கிராம் மிளகாய்த்தூளைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, அரை மணி நேரம் கழித்து 600 மில்லிகிராம் ஆஸ்பிரின் கொடுத்தார்கள். இன்னொரு நாள் மிளகாய் இல்லாமல் ஆஸ்பிரின் மட்டும். மிளகாய் குடித்த நாளில்தான் சுவரில் சேதம் குறைவு!

இது ஏன் என்பதற்கு ஒரு விளக்கம் உண்டு. லேசாக உறுத்தும் ஒன்று உள்ளே போனால் சுவர் விழித்துக்கொள்கிறது. ரத்த ஓட்டத்தைக் கூட்டுகிறது, சளியைக் கூடுதலாகச் சுரக்கிறது. 1979இலும் அதற்கடுத்த சில வருஷங்களிலும் அமெரிக்காவில் ஆந்த்ரே ராபர்ட் என்பவர் எலிகளில் இதைக் காட்டினார். நேராகக் கொடுத்தால் சுவரையே பொசுக்கிவிடும் சுத்த ஆல்கஹால், முன்னதாக நீர்த்த ஒன்றைக் கொடுத்துப் பழக்கியிருந்தால் பெரிய சேதம் செய்யவில்லை. இதைக் கேட்டு யாரும் கொஞ்சமாகக் குடித்தால் வயிற்றுக்கு நல்லது என்று வீட்டில் வாதாட வர வேண்டாம். ஆய்வுக்கூட எலியின் கதையை மனிதர் தினமும் குடிப்பதற்குச் சாட்சியாக வைக்க முடியாது. குடியும் வலி மாத்திரையும் சேர்ந்தால் ரத்தக் கசிவுக்கு அதைவிட நல்ல கூட்டு வேறில்லை.

அதற்காக உங்களை நாளைக்கே மிளகாய் வற்றலைக் கடித்துத் தின்னச் சொல்லவில்லை. புண் இருக்கும்போதும், உணவுக்குழாய்க்கு அமிலம் ஏறும் தொந்தரவு இருக்கும்போதும் காரம் எரியத்தான் செய்யும், எரிந்தால் குறைத்துக்கொள்ளுங்கள். சுகத்துக்காகக் குறைக்கலாம், ஆனால் மிளகாயைக் குறைத்ததால் புண் ஆறிவிடும் என்று நினைத்து உண்மையான காரணத்தை விட்டுவிடக் கூடாது. ஒரு வருஷமாகச் சட்னியை ருசிகூடப் பார்க்காமல் கடை நடத்துகிறீர்கள் என்று நினைக்கும்போது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

பால் விஷயம் இதற்கு நேர் எதிர். குடித்தவுடன் குளிர்கிறது, அமிலத்தைக் கொஞ்ச நேரம் நீர்க்கச் செய்கிறது, அப்புறம் பாலில் உள்ள புரதமும் கால்சியமும் இரைப்பையைத் தூண்டி இன்னும் அமிலத்தைச் சுரக்க வைக்கின்றன. 2 மணிக்குப் பால் குடித்து, 4 மணிக்கு மறுபடி எரிச்சலோடு எழுவது அதனால்தான். 1915இல் சிகாகோவைச் சேர்ந்த பெர்ட்ரம் சிப்பி என்ற மருத்துவர் மணிக்கு ஒருமுறை பாலும் பாலேடும் கொடுக்கும் ஒரு வைத்தியத்தைச் சொன்னார், உலகம் முழுக்கப் பல பத்தாண்டுகள் அதைத்தான் பின்பற்றினார்கள். பிறகு டில்லி மருத்துவர்களே 1986இல் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஒரே மருந்தைச் சாப்பிட்டவர்களில் பாலையே உணவாகக் குடித்தவர்களைவிட வழக்கமான சாப்பாடு சாப்பிட்டவர்களுக்குத்தான் புண் அதிகம் ஆறியது. காபியில் டீயில் ஊற்றும் பாலை நிறுத்த வேண்டியதில்லை, மருந்தாக நினைத்துக் குடிப்பதை நிறுத்துங்கள். மோர் ஒத்துக்கொண்டால் பகலில் குடியுங்கள்.

இனி அதிமதுரம். இதை விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இது பொய் மருந்து இல்லை. உங்களுக்குக் கேட்டது என்று எழுதியிருக்கிறீர்களே, அதை நான் முழுக்க நம்புகிறேன்.

1946இல் ரெவர்ஸ் என்ற டச்சு மருத்துவர் ஒரு விஷயத்தைப் பதிவு செய்தார். அவர் ஊர்ப் பக்கம் ஒரு மருந்துக் கடைக்காரர் அதிமதுரச் சாற்றில் செய்த ஒரு குழம்பை விற்றுவந்தார், அதைச் சாப்பிட்ட அல்சர் நோயாளிகளுக்கு நிஜமாகவே குணம் தெரிந்தது. ரெவர்ஸ் தானும் கொடுத்துப் பார்த்தார், புண் ஆறியது. ஆனால் சிலருக்கு முகமும் உடம்பும் வீங்கின, தலைவலி, மூச்சுத்திணறல். பிரிட்டனில் அந்த வேரிலிருந்து கார்பெனாக்ஸலோன் என்று ஒரு மருந்தே தயாரித்தார்கள். 1962இல் அதை ஒழுங்காகச் சோதித்துப் பார்த்து வெளியிட்டவர்களில் ஒருவர் ரிச்சர்ட் டால், புகையிலைக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை நிறுவியவர்களில் முக்கியமானவர். இரைப்பைப் புண்ணை அந்த மருந்து ஆற்றியது. ப்ராஸ்டாகிளாண்டினை உடைக்கும் நொதியை அது தடுக்கிறது, அதனால் இருக்கிற ப்ராஸ்டாகிளாண்டின் நீடிக்கிறது, சளிப்படலம் கெட்டியாகிறது. அமிலத்தைக் குறைக்காமல் சுவரைப் பலப்படுத்தும் மருந்து என்று அதைக் கொண்டாடினார்கள். 1976இல் சிமெடிடின் என்ற பாதுகாப்பான மருந்து வந்ததும் கார்பெனாக்ஸலோன் ஒதுங்கிப்போனது. ஒதுங்கியதற்குக் காரணம் அது வேலை செய்யாதது அல்ல, பிரஷரும் வீக்கமும்தான்.

ஏன் வீங்குகிறது? நம் உடம்பில் கார்ட்டிசால் என்று ஒரு ஹார்மோன் தாராளமாக ஓடுகிறது. அது சிறுநீரகத்துக்குள் போய் உப்பைப் பிடித்து வைக்கும் வேலையைச் செய்துவிடக் கூடாது என்பதற்காக அங்கே ஒரு நொதி காவல் இருக்கிறது. அதிமதுரத்தின் இனிப்புக்குக் காரணமான கிளைசிரைசின் அந்தக் காவலை எடுத்துவிடுகிறது. அப்புறம் கார்ட்டிசால் போய் உப்பையும் தண்ணீரையும் உடம்பில் தேக்குகிறது, பொட்டாசியத்தைச் சிறுநீரில் வெளியேற்றுகிறது. உப்பு தேங்கினால் காலில் வீக்கம், பிரஷர் ஏற்றம். பொட்டாசியம் இறங்கினால் கெண்டைக்கால் சதை பிடித்து இழுக்கும், கை கால் சோர்ந்துபோகும், மிகவும் இறங்கினால் இதயத் துடிப்பே தடுமாறும். உங்கள் கடிதத்தின் கடைசி வரிகளை மறுபடி ஒருமுறை படித்துப் பாருங்கள். பிரஷர் மாத்திரையைக் கூட்ட வேண்டி வந்ததும் இதனால் இருக்கலாம். அந்தப் பிரஷர் மாத்திரையில் நீர் பிரிய வைக்கும் மருந்தும் சேர்ந்திருந்தால் பொட்டாசியம் இரண்டு வழியாகவும் போய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

நேர்மையாக இன்னொன்றும் சொல்ல வேண்டும். அம்லோடிபின் என்ற பிரஷர் மாத்திரையாலும் கால் வீங்கும், வலி மாத்திரையாலும் வீங்கும், சிறுநீரகம் பழுதானாலும் வீங்கும். கடிதத்தை வைத்து இதுதான் என்று முத்திரை குத்த மாட்டேன். அதனால்தான் ரத்தப் பரிசோதனையை முதலிலேயே சொன்னேன்.

எவ்வளவு என்பதையும் பார்ப்போம். ஐரோப்பாவில் ஒரு நாளைக்கு 100 மில்லிகிராம் கிளைசிரைசினுக்கு மேல் போக வேண்டாம் என்று எல்லை வைத்திருக்கிறார்கள், பிரஷர் உள்ளவர்களுக்கு அதுவும் வேண்டாம். ஒரு தேக்கரண்டிப் பொடி சுமார் 2 முதல் 3 கிராம் இருக்கும். அதில் 4 சதவீதம் கிளைசிரைசின் என்று வைத்தாலே 80 முதல் 120 மில்லிகிராம். நீங்கள் எடுப்பது இரண்டு வேளை. அதுவும் ஐந்து மாதமாக. தொண்டை கட்டினால் ஒரு துண்டு வேரை வாயில் அடக்கிக்கொள்வது நம் வீடுகளில் தலைமுறையாக உள்ள பழக்கம், இரண்டு நாளோடு முடிந்துவிடும், அதில் பயப்பட ஒன்றுமில்லை. தினமும் இரண்டு ஸ்பூன் என்பது அந்தப் பழக்கத்தில் சேராது. நிறுத்தினாலும் அதன் விளைவு உடனே போகாது, இரண்டு மூன்று வாரம்கூட இருக்கும். அதுவரை பிரஷரை அடிக்கடி பார்த்துக்கொள்ளுங்கள். அதிமதுரத்தின் வேலை ஓய்ந்த பிறகு கூட்டிய பிரஷர் மாத்திரை அதிகமாகி மயக்கம் வரலாம், அந்த நேரத்தில் மருத்துவர் அளவைக் குறைக்க வேண்டியிருக்கும்.

"இயற்கையானதுதானே" என்று கேட்டிருந்தீர்கள். ஆஸ்பிரினின் பூர்வீகமே வில்லோ மரத்தின் பட்டைதான். அந்தப் பட்டையில் உள்ள சாலிசினிலிருந்து வந்த சாலிசிலிக் அமிலம் வயிற்றைப் படுத்திய பாடு பொறுக்காமல், அதைக் கொஞ்சம் மாற்றி 1897இல் ஜெர்மனியின் பேயர் கம்பெனியில் ஆஸ்பிரினாக்கினார்கள். அப்படியும் வயிற்றைப் படுத்தத்தான் செய்கிறது. மரத்திலிருந்து வந்ததா, ஆலையிலிருந்து வந்ததா என்று சுவர் கேட்பதில்லை.

நீங்கள் கேட்ட மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கற்றாழை உங்களுக்கு இப்போது கூடவே கூடாது. மடலை வெட்டியதும் தோலுக்கடியிலிருந்து வழிகிற மஞ்சள் பால் கடுமையான பேதி மருந்து, பேதியோடு பொட்டாசியமும் போகும். எத்தனை முறை கழுவினாலும் கொஞ்சம் ஒட்டியிருக்கும். மணத்தக்காளிக் கீரையைப் பருப்பு போட்டோ, தேங்காய்ப்பால் விட்டோ தாராளமாகச் சாப்பிடுங்கள். எலிகளில் அமிலச் சுரப்பைக் குறைத்ததாக ஆய்வு உண்டு, மனிதரில் அந்த அளவுக்குச் சான்று இல்லை, ஆனால் நல்ல கீரை, வாய்க்கும் இதம். மணத்தக்காளியின் பழுக்காத காயை மட்டும் பச்சையாக மெல்ல வேண்டாம். வாழைக்காயைப் பற்றி 1984இல் பிரிட்டனில் எலிகளில் ஆய்வு செய்தார்கள். சமையல் வாழைக்காயை உலர்த்தி அரைத்த பொடி ஆஸ்பிரினால் வரும் புண்ணைத் தடுத்தது, சுவரைத் தடிக்க வைத்தது. பழமாகச் சாப்பிடும் வகைக்கு அந்தக் குணம் தெரியவில்லை. ஆக வாழைக்காய்க் கூட்டு வைத்துச் சாப்பிடுவதில் நஷ்டம் ஒன்றும் இல்லை, ஆனால் அதுவே மருந்து என்று உட்கார்ந்துவிடாதீர்கள். முட்டைக்கோஸ் சாற்றுக்குப் புகழ் வந்தது 1949இல், அமெரிக்காவில் கார்னெட் செனி என்ற மருத்துவர் தினமும் ஒரு லிட்டர் சாறு கொடுத்து 13 பேருக்குப் புண் சீக்கிரம் ஆறியது என்று எழுதியதால். சாறு குடிக்காத இன்னொரு பிரிவை வைத்து ஒப்பிடாத ஆய்வு அது. ஒரு லிட்டர் பச்சைக் கோஸ் சாற்றைக் குடித்தால் உங்கள் ஏப்பம்தான் கூடும்.

ஆனால் நீங்கள் கேட்காமல் விட்ட ஒன்றுதான் எனக்கு உறுத்துகிறது. உப்பு நார்த்தங்காய். காரமில்லை என்பதால் அது வயிற்றுக்கு நல்லது என்று வைத்திருக்கிறீர்கள். அதிக உப்பு அந்தச் சளிப்படலத்தைக் குலைக்கிறது. உப்பில் ஊறிய உணவை நிறையச் சாப்பிடும் மக்களிடம் இரைப்பைப் புற்றுநோய் கூடுதலாக இருப்பதை ஜப்பான் போன்ற இடங்களில் நன்றாகவே பார்த்திருக்கிறார்கள். உங்களுக்குப் பிரஷரும் இருக்கிறது. மூன்று வேளையும் தயிர்ச் சோற்றுக்கு அதையே தொட்டுக்கொள்வதைவிட, லேசாக மிளகு தூவிய காய்ப் பொரியல் ஆயிரம் மடங்கு மேல்.

இதையெல்லாம் தாண்டி ஒரு ஆள் உள்ளே ஒளிந்திருக்கலாம். ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமி. 1982இல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் பாரி மார்ஷலும் ராபின் வாரனும் இதை வளர்த்துக் காட்டியபோது யாரும் நம்பவில்லை, அமிலத்தில் கிருமி எப்படிப் பிழைக்கும் என்று கேட்டார்கள். 1984இல் மார்ஷல் அந்தக் கிருமியைத் தானே குடித்து, சில நாளில் இரைப்பை அழற்சி வந்து படுத்தார். 2005இல் இருவருக்கும் நோபல் பரிசு. அது சளிப்படலத்துக்குள்ளேயே புகுந்து குடியிருந்து சுவரை உள்ளிருந்து கெடுக்கும். நம் நாட்டுப் பெரியவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு இது இருக்கிறது, பெரும்பாலோருக்குத் தொந்தரவு இல்லை. ஆனால் வலி மாத்திரையும் இதுவும் ஒரே வயிற்றில் சேர்ந்தால் புண் வரும் வாய்ப்பு பல மடங்கு. ராத்திரி வலி எழுப்பிவிடுவது சிறுகுடலின் தொடக்கத்தில் வரும் புண்ணின் குணம், அங்கே இந்தக் கிருமிதான் பெரும்பாலும் காரணம். எந்தக் கீரையும் எந்தப் பொடியும் இதை ஒழிப்பதில்லை. இரண்டு ஆன்டிபயாடிக்கும் அமிலம் குறைக்கும் மாத்திரையும் சேர்த்து 14 நாள் விடாமல் சாப்பிட்டால் பெரும்பாலோருக்குப் போய்விடும், பாதியில் நிறுத்தினால் மருந்துக்கு மசியாத கிருமியாகத் திரும்பி வரும்.

அதனால் எண்டோஸ்கோபி செய்துகொள்ளுங்கள். உங்கள் வயதுக்கும் ஒரு வருஷத் தொந்தரவுக்கும் அதைத் தள்ளிப்போடக் கூடாது. திருநெல்வேலி, தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் வசதி இருக்கிறது. தொண்டையில் மரத்துப்போகும் மருந்தை அடித்துவிட்டு விரல் தடிமன்கூட இல்லாத குழாயை விடுவார்கள், பத்து நிமிஷம்கூட ஆகாது. குமட்டும், வலிக்காது. அப்போதே ஒரு சிறு துணுக்கு எடுத்துக் கிருமி இருக்கிறதா என்று பார்த்துவிடுவார்கள். இடையில் கேஸ் மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறீர்கள் என்றால் அதை முன்கூட்டியே சொல்லுங்கள், அது கிருமியை மறைத்துவிடும், இரண்டு வாரம் நிறுத்திவிட்டுச் சோதிப்பதா என்று அவர்கள் முடிவு செய்வார்கள்.

முழங்காலை மறந்துவிட்டுப் பேசினால் நான் சொன்னது ஒன்றும் நடக்காது என்று தெரியும். வலித்தால் மறுபடி அந்த மாத்திரைக்குத்தான் கை போகும். மேலே தடவும் டைக்ளோஃபெனாக் ஜெல் ரத்தத்தில் மிகக் கொஞ்சமே சேரும், அதைத் தடவலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். பாராசிட்டமால் அவர் சொல்லும் அளவில். அடுப்பு மேடை உயரத்துக்கு ஒரு ஸ்டூல் செய்துகொள்ளுங்கள், மாவு ஊற்றுவதையும் பொட்டலம் கட்டுவதையும் உட்கார்ந்தே செய்யலாம். கூட்டம் இல்லாத நேரத்தில் நாற்காலியில் உட்கார்ந்து ஒரு காலை நேராக நீட்டி, தொடைச் சதை இறுகும்படி பத்து எண்ணும் வரை பிடித்து, இறக்கி, அடுத்த கால். ஒரு நாளைக்கு இரண்டு மூன்று தடவை, காலுக்குப் பத்து முறை. தொடைச் சதை வலுத்தால் மூட்டின் பாரம் குறையும், இரண்டு மாதத்தில் உங்களுக்கே தெரியும். மூட்டு வலிக்கென்று பெயர் இல்லாத பொட்டலம் ஏதாவது வாங்கியிருந்தால் அதையும் தொடாதீர்கள், அவற்றில் சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருப்பதை நாங்கள் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். நீண்ட நாள் சாப்பிட்டிருந்தால் மட்டும் திடீரென்று நிறுத்தாமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

காலையில் டீக்கு முன்னால் நீங்கள் சுட்ட முதல் ஈட்டிலேயே இரண்டு இட்லி சாப்பிட்டுவிடுங்கள். 11 மணி வரை காய வேண்டாம்.

மருத்துவரைப் பார்க்கப் போகும்போது வலி மாத்திரை அட்டை, பிரஷர் மாத்திரையின் பழைய சீட்டு, புதிய சீட்டு, அந்த அதிமதுரப் பொட்டலம் நான்கையும் ஒரு பையில் போட்டு எடுத்துப்போங்கள். பொடியைப் பற்றிச் சொன்னால் திட்டுவார்களோ என்று மறைத்துவிடாதீர்கள், அதைச் சொல்லாமல் பொட்டாசியம் ஏன் குறைந்தது என்று அவர்கள் வாரக்கணக்கில் தேட வேண்டியிருக்கும். ரிசல்ட் வந்ததும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள் அம்மா.